குழியில் கிடந்த பையனும் ஐம்பத்து நாலு மார்க் ஜெபமும்

சியோனி வீட்டுப் பின்கட்டு,
ஜெனரல் சாந்தோஸ் நகரம்,
வியாழக்கிழமை.

என் சாந்தோய்,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். உன் சுகத்தை விசாரித்து எழுதுவதுதான் முறை, ஆனால் நீ எங்கள் எல்லாரையும்விடச் சுகமாய் இருக்கிறாய் என்று அடக்க ஆராதனையில் பேசின மூன்று பாஸ்டர்மாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டதால் அந்த ஒரு வரியை மிச்சம் பிடிக்கிறேன். நம் மகள் நெலியா தீவில் சுகம், பேரன் சுகம், அவனுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. போன மாதம் கல்லறைக்கு வந்திருந்தேன். கல்லறை அடுக்கில் உனக்கு மூன்றாம் தட்டு கொடுத்தபோது எனக்கு வருத்தம்தான், ஏணி வைத்து ஏற வேண்டியிருக்கிறதே என்று. இந்த மழையில் கீழ்த்தட்டுக்காரர்கள் படுகிற பாட்டைப் பார்த்த பிறகு வருத்தமெல்லாம் போய்விட்டது. பூவை மட்டும் வீசித்தான் போட வேண்டியிருக்கிறது, அதில் பாதி இரண்டாம் தட்டு அம்மாளுக்குப் போய்விடுகிறது. நீ பெரிய மனசு பண்ணு.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஏணியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, கீழே அதே ஏணிக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள், ஒருத்தர் தொண்டையைச் செருமுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பில் பாதி, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: தாய்ச்சபையிலிருந்து உன் சபையை வைப்பதா மூடுவதா என்று பார்த்துப்போக ஒரு ஆளை அனுப்பினார்கள். பேர் ரெவரண்ட் அபுந்தியோ. போன ஞாயிறு வந்துவிட்டுப் போனார். அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் காகிதம், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உனக்கு ஒன்றும் புரியாது.

நம் தீவின் பேர் இங்கே இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சிக்கிஹோரிலிருந்து வந்தவர்கள் என்றால் மந்திரக்காரர்கள், நீ பாஸ்டர் வேஷத்தில் வந்த பெரிய மந்திரக்காரன், நான் உன் கையாள். நீ போன மூன்றாம் வாரம் மீன் ஏலக்கடையில் எடை போடுகிற ஒரு மனுஷன் வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, அக்கா என்கிற மரியாதையோடு, "மானாங், அண்ணன் போயிட்டாரு, மருந்தெல்லாம் இப்ப உங்ககிட்டதான இருக்கும்?" என்றான். என்ன மருந்து என்று கேட்டேன். "ஓடிப்போன பொண்டாட்டி திரும்பி வர்ற எண்ணெய்." எங்களிடம் எண்ணெய் இல்லை, ஜெபம்தான் இருக்கிறது என்றேன். "அது குப்பியில வருமா?" என்று கேட்டான். ஞாயிறு ஒன்பது மணிக்கு வரும், பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். வந்தான். ஆறு வாரம் விடாமல் வந்தான். ஞாயிறு காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு இவன் எங்கே போகிறான், எவளைப் பார்க்கப் போகிறான் என்று சந்தேகப்பட்டு அவன் பெண்டாட்டி ஏழாவது வாரம் பின்னாலேயே வந்துவிட்டாள். இப்போது இரண்டு பேரும் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறார்கள். தெருவில் எல்லாரும் என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா, சிக்கிஹோர் எண்ணெய் எவ்வளவு சுத்தம் பார் என்று சொல்லுகிறார்கள். இன்னும் நாலு பேர் கேட்டு வந்துவிட்டார்கள். நான் எல்லாருக்கும் பெஞ்சைக் காட்டினேன்.

இப்போது உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். இனி நீ கோபித்துக்கொள்ள வழியில்லை என்கிற தைரியத்தில்தான். என்னோடு ஃபேக்டரியில் நிற்கிற மிண்டாவும் மற்ற ஏழாம் மேசைப் பெண்களும் உன் பிரசங்கத்தின் வல்லமையால் சபைக்கு வந்தார்கள் என்று நினைத்து நீ கண்ணீரோடு ஸ்தோத்திரம் பண்ணினாயே, அது அப்படி இல்லை. நீ ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் டப்பா மீன் ஃபேக்டரியில் சூரை மீனுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி நேரம், நின்ற இடம், முகத்தில் துணி, தலையில் வலை, பேசக் கூடாது. நீயோ அடுத்த ஞாயிறு பேசப் போகிறதைத் திங்கட்கிழமையே ஆரம்பித்துக் குளிக்கும்போது ஒத்திகை பார்ப்பாய், குளியலறைக்குத் தகரச் சுவர், அடுப்படியிலிருக்கிற எனக்குத்தான் முதலில் மனப்பாடம் ஆகும். அதைத்தான் நான் முகத்துணிக்குள்ளே மெதுவாய் மிண்டாவுக்குச் சொல்லுவேன், கூடைக்குக் கொஞ்சமாக. மிண்டா பக்கத்தில் நிற்கிறவளுக்குச் சொல்லுவாள், அவள் எதிரே நிற்கிறவளுக்கு. சனிக்கிழமை முக்கியமான இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சம் நாளைக்கு என் வீட்டுக்காரர் சொல்லுவார் என்பேன். அதற்காகத்தான் வந்தார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் பிடித்துவிட்டார்.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க?"

"மீன்கிட்ட சார்."

"என்ன சொல்லுது?"

"நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு சொல்லுது சார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஏழாம் மேசைப் பக்கம் வந்தால் முதலில் இருமிவிட்டுத்தான் வருகிறார்.

நீ போன அந்த வாரம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது அண்ணன்மார் சேர்ந்து குழியில் தள்ளிவிட்ட பையனின் கதை. புதன்கிழமை சாயங்காலம் நான் பையனைக் குழியில் தள்ளுகிற வரைக்கும் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை நீ ஓய்வு நேரத்தில் ஐஸ் கட்டிமேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று ஃபேக்டரி வாசலில் ஆள் வந்து நின்றது. அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் உன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பது மேல். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம். மேசையில் கத்திச் சத்தம் மட்டும். ஞாயிறு அவர்கள் வந்து பெஞ்சில் உட்காருவார்கள், இரண்டு பாட்டுப் பாடுவோம், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போம், எழுந்து போய்விடுவார்கள். சபை அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மிண்டா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டாள்.

"மானாங்."

"ம்."

"தப்பா நினைக்காதீங்க. உங்க துக்கம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா அந்தப் பையன் இன்னும் குழியிலதான் கிடக்கான்."

"எந்தப் பையன்?"

"அண்ணன்காரனுங்க தள்ளிவிட்டானுங்களே அவன். மூணு வாரமாச்சு மானாங், சோறு தண்ணி இல்லாம. எனக்கு வீட்டுல சோறு இறங்கல. செத்தானா, மேல வந்தானா, அத மட்டும் சொல்லிடுங்க. மிச்சம் வேணாம்."

சாந்தோய், நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். முகத்துணி முழுக்க நனைந்துவிட்டது, நீராவி என்று சொல்லிக்கொள்ளலாம். "தூக்கிட்டாங்க" என்றேன். "யாரு?" "வியாபாரிங்க. ஒட்டகத்துல அந்தப் பக்கமா வந்தவங்க." மிண்டா "அப்பாடா" என்றாள். பக்கத்தில் நின்றவள் "அப்பாடா" என்றாள். மேசையில் பதினோரு பேரும் வரிசையாய் அப்பாடா என்று விட்ட மூச்சில் சூப்பர்வைசர் யாரோ விரலை வெட்டிக்கொண்டார்கள் என்று மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் போனதும் மிண்டா கேட்டாள், "அப்புறம்?" அப்புறம் அடிமையாய் விற்றுவிட்டார்கள் என்றேன். அவள் கத்தியை ஓங்கிக் குத்தினாள். "அதுக்குக் குழியிலயே விட்டிருக்கலாமே மானாங்." இரு, இன்னும் இருக்கிறது என்றேன். இருக்கத்தான் இருந்தது. அந்தக் கதையை நான் முடிக்க ஆறு வாரம் ஆனது. ஃபேக்டரி இரைச்சலில் நடுநடுவே காதில் விழாமல் போய்விட்டது என்று ஞாயிறு பெஞ்சில் மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னேன். எழுந்து நின்றால் அது பிரசங்கம், உட்கார்ந்து சொன்னால் வெறும் பேச்சு. அதனால் இந்த ஏழு மாதத்தில் நான் ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை.

ஏழாம் மேசையோடு ஆறாம் மேசையும் வர ஆரம்பித்தது. ஞாயிறு விடியற்கால ஷிப்ட் முடித்து அப்படியே வருகிறவர்கள் எல்லார்மேலும் சூரை வாடை, அதனால் பூனைகளும் வருகின்றன. முதலில் இரண்டு வந்தது, இப்போது எண்ண முடியவில்லை, காணிக்கைப் பாட்டு வரும்போது கூடவே கத்துகின்றன. தெமியோங் சொல்லுகிறான், "மானாங், பூனைங்களுக்கும் கை வச்சு ஜெபிச்சிருங்க, நம்ம சபைதான் இந்த ஊர்லயே பெருசுன்னு ஆயிரும்." துறைமுகத்தில் சூரை தூக்குகிற அதே தெமியோங்தான், நீ மீன் தொட்டியில் ஞானஸ்நானம் கொடுத்தபோது முழங்கால் இரண்டும் வெளியே நின்றுவிட்டதே, அவன். இன்னும் அந்தக் கவலை அவனுக்குத் தீரவில்லை. முழங்கால் பரலோகம் போகுமா என்று என்னிடம் வாரம் ஒருமுறை கேட்கிறான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தாய்ச்சபையின் கடிதம் வந்தது. ஊழியக்காரர் இல்லாத சபைகளை மூடி, பெஞ்சுகளைத் திருப்பி எடுத்துக்கொள்வது என்று தீர்மானமாம். ரெவரண்ட் வந்து பார்த்து எழுதிக்கொடுப்பதுதான் முடிவு. நான் பயந்துவிட்டேன். எனக்காக இல்லை. நீ இரண்டு வருஷம் ஐஸ் தூக்கின தோளோடு வந்து உட்காரவைத்த ஜனம், உன் பேரில் கலைந்துபோனால் நான் எந்த முகத்தோடு ஏணி ஏறுவேன். சரி, அந்த ஒரு ஞாயிறு எல்லாம் ஒழுங்காய் நடந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். சனிக்கிழமை உன் ஒலிபெருக்கியைப் போட்டுப் பார்த்தோம், புகைந்தது. திறந்தால் உள்ளே பல்லி முட்டை வைத்திருக்கிறது. வீட்டுக்காரி சியோனிதான் கை கொடுத்தாள். "எதுக்குக் கவலைப்படுறீங்க, என் கரோக்கிப் பெட்டி இருக்கு, மைக் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. சத்தம் எங்கிருந்து வந்தா கர்த்தருக்கு என்ன?" வாடகைக்கு விடுகிற அந்தப் பெட்டிதான், பாட்டு ஓடும்போது திரையில் அரைகுறைத் துணியோடு கடற்கரையில் பெண்கள் நடப்பார்களே, அது. நான் திரைமேல் சூரியகாந்திப் பூப் போட்ட மேசைவிரிப்பை மாட்டிவிட்டேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக எனக்கு அப்போது ஒரு பெருமைகூட.

ரெவரண்ட் அபுந்தியோ வந்தார். மெலிந்த மனுஷர், கோட்டு, தோல் பை, இரண்டு நாள் கப்பலிலும் பஸ்ஸிலும் வந்த களைப்பு. வந்ததும் ஒரு பூனை அவர் பைக்குள் தலையை விட்டது, அதை அவர் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பாட்டெல்லாம் நன்றாய்த்தான் நடந்தது. அப்புறம் அவர் ஜெபிக்க எழுந்தார். நீ இருந்தவரை ஜெப நேரத்தில் கிட்டாரை மெல்ல வருடிக்கொண்டிருப்பாய், அந்தச் சத்தம் இல்லாமல் ஜெபித்தால் நம் ஜனங்களுக்கு உப்பில்லாத கஞ்சி மாதிரி. இது சியோனிக்கு நினைவு வந்துவிட்டது. நல்ல மனசோடு, யாரையும் கேட்காமல், பெட்டியில் ஒரு மெதுவான காதல் பாட்டின் இசையை மட்டும் தட்டிவிட்டாள். அருமையாய் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ரெவரண்டும் அதற்கு ஏற்றபடி குரலை இறக்கி, துறைமுகத்துக்காக, மீனவர்களுக்காக, விதவைகளுக்காக என்று நீளமாய் ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். விதவைகளுக்காக என்கிற இடத்தில் பாட்டு முடிந்துவிட்டது.

பெட்டிக்கு ஜெபம் தெரியுமா, பாட்டுத் தெரியுமா. பாட்டு முடிந்தால் பாடினவருக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட வேண்டும், அதுதான் அதன் வேலை. எக்காளம் முழங்கியது, மத்தளம் உருண்டது, அதிர்ச்சியில் மேசைவிரிப்பு நழுவி விழுந்தது, திரையில் இரண்டு பெண்கள் கடலில் குதித்துக்கொண்டிருக்க நடுவில் பெரிதாய் ஐம்பத்து நாலு என்று மின்னியது. அதுகூடப் பரவாயில்லை. நம் ஜனம் என்ன செய்தது தெரியுமா, சாந்தோய், எக்காளம் கேட்டதும் கண்ணைத் திறந்து, பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு, நம்பரைப் பார்த்ததும் ஒரே குரலில் "ப்ச்" என்றார்கள்.

ரெவரண்ட் மைக்கைப் பிடித்தபடி நின்றார். தெமியோங்குக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, "பாஸ்டர், மைக்கைக் கொஞ்சம் வாய்க்கு ஒட்டி வச்சிக்கிட்டா ஏறும்" என்றான்.

"தம்பி, இது ஜெபம். பாட்டில்ல."

"தெரியும் பாஸ்டர். ஆனாலும் அம்பத்தி நாலு."

நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன், அங்கே பூனைகள். அத்தோடு விட்டிருக்கலாம். சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்ல தெமியோங்கைக் கூப்பிட்டோம், சியோனி மறுபடியும் இசையைத் தட்டிவிட்டாள், அந்த முட்டாள் பயல் மீன்சந்தையில் கத்துகிற குரலில் நாலே வரி சொல்லி ஆமென் போட்டான். தொண்ணூற்றேழு. தெருவிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. சூரைத் தாடையை நன்றாய்ச் சுட்டு வினிகரும் மிளகாயும் வைத்திருந்தேன், ரெவரண்டுக்கு அது இறங்கவில்லை. கொஞ்ச நேரம் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சியோனியிடம் கேட்டார், "இந்த மிஷின் ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுது பாஸ்டர். நேத்து எங்க மாமியாருக்கு நாப்பது குடுத்துச்சு. சரியாத்தான் குடுத்துச்சு."

சாப்பிட்டு முடித்ததும் அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். எல்லார் முன்னாலும்தான் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை? எட்டரை என்றேன். பேனா நின்றது. தெமியோங் எழுந்து முழங்காலைக் காட்டினான். ஊழியம் செய்கிறவரின் படிப்பு? மூன்றாம் வகுப்பில் பாதி. வேதப் பயிற்சி? தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது என்றேன், அதை அவர் எழுதவில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் ஊழியம்? நான் பொய் சொல்லவில்லை. "ஞாயிறு ரெண்டு மணி நேரம் பாஸ்டர். மத்த நாள் மீன்." அவர் இரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு அதற்குக் கீழே எதையோ எழுத ஆரம்பித்தார், ரொம்பச் சின்ன வாக்கியம், மூடுவது என்று எழுதுகிறார் என்று எனக்குத் தலைகீழாகவே தெரிந்தது.

மிண்டா எழுந்துவிட்டாள். கையில் சாப்பிட்ட தட்டு. "பாஸ்டர், அந்த ரெண்ட அடிங்க."

"ஏம்மா?"

"மானாங்குக்குக் கணக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எங்க பக்கத்துல நிக்கிறாங்க. என் வீட்டுக்காரன் என்னை அடிச்சிட்டுப் போனப்ப, நான் மீன் கத்தியை வேற எதுக்கோ எடுத்து வச்சிருந்தேன். யாருக்கும் தெரியாது. இவங்க மீனைப் பாத்துக்கிட்டே ஒரு கதை சொன்னாங்க, அது முடியறதுக்கு நாலு நாள் ஆச்சு. நாலு நாள்ல என் கோவம் ஆறிப்போச்சு. அது ஊழியம் இல்லன்னா வேற என்ன, தோல் உரிக்கிறதா?"

எனக்கே இது தெரியாது, சாந்தோய். நான் பொழுதுபோகச் சொன்னேன். அவளுக்கு அப்புறம் பக்கத்து மேசைக்காரி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி. எண்ணெய் கேட்டு வந்தவன் எழுந்து, பெண்டாட்டியைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். ரெவரண்ட் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாய்ச் சொன்னார், "நான் வாரம் பூரா இன்ஷூரன்ஸ் விக்கிறவன்மா. இருபது வருஷமா. வீடு வீடா ஏறி இறங்கறேன், ஜனங்க எல்லாத்தையும் கொட்டுறாங்க, நான் கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன். அந்த நேரத்தை நான் ஊழியம்னு ஒரு நாளும் நினைச்சதில்ல." சொல்லிவிட்டு இரண்டை அடித்து ஐம்பது என்று எழுதினார். எட்டு ஆறு நாற்பத்தெட்டு, ஞாயிறு இரண்டு. கணக்கு சரியாய்த்தான் இருந்தது.

ஆனால் முடிவு இதுதான்: அனுப்ப அவர்களிடம் ஆள் இல்லை. நான் இருந்தால் சபை இருக்கும், என் பேரை ஊழியக்காரி என்று எழுதுவார்கள், ஞாயிறு நான் எழுந்து நின்று பேச வேண்டும். நான் போனால் மூடுவார்கள். பதில் சொல்ல ஒரு வாரம். போகும்போது ரெவரண்ட் வாசல் வரை வந்து, திரும்பி, கடைசி ஆசீர்வாதம் சொல்லவில்லையே என்று தானாகவே பெட்டிப் பக்கம் போனார். மைக்கை வாய்க்கு ஒட்டி வைத்துக்கொண்டார். எண்பத்தெட்டு. தெருவே கை தட்டியது. அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், ஆனால் சுட்ட தாடை இரண்டைப் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ வருத்தப்படக் கூடாது. நான் போகிறேன், சாந்தோய். நெலியா சனிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்து அனுப்பிவிட்டாள். "போதும்மா, யாருக்காக அங்க மீன் உரிச்சிக்கிட்டு நிக்கிற, வந்துரு" என்று ஃபோனில் அழுகிறாள். அவள் சொல்லுவதும் நியாயம்தான். கால் வலிக்கிறது, மீன் சொல்லவில்லை, நானே சொல்லுகிறேன். பேசுவது வேறு, நிற்பது வேறு. நீ நின்ற அந்த இடத்தில் போய் நான் நின்றால், நீ திரும்பி வரப்போவதில்லை என்று நானே எல்லாருக்கும் சொல்லுகிற மாதிரி ஆகிவிடும். என்னால் ஆகாது. மிண்டாவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு அவள் கையில் மீன் ரொம்பச் சின்னச் சின்னத் துண்டாய் விழுந்தது. பெஞ்சுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி ரெவரண்டுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். பூவுக்குச் சியோனியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நல்ல உயரம், வீசினால் மூன்றாம் தட்டுக்கே வரும்.

உன் பக்கத்துத் தட்டுக்காரர்கள் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லு. இரண்டாம் தட்டு அம்மாளுக்கு விசேஷமாய். பேரன் உனக்கு ஓட்டைப் பல்லோடு முத்தம் தருகிறான். கர்த்தர் உன்னை வைத்திருக்கிற இடத்தில் வேர்வையும் ஐஸும் இல்லாமல் உன் தோளுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் லியோனிலா

பின்குறிப்பு: மேலே எழுதினதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், காகிதம் வீணாகிறது. இன்றைக்கு ஞாயிறு. பஸ் நேற்றே போய்விட்டது, நான் போகவில்லை. தெமியோங்தான் என் பையை பஸ் நிலையத்துக்குத் தூக்கிவருகிறேன் என்று நேற்றுக் காலையில் வந்தான், மிண்டாவும் கூட வந்தாள். பையில் நாலு கவுன், உன் வேதப்புத்தகம், பேரனுக்கு இரண்டு டப்பா மீன், அவ்வளவுதான். எண்பது கிலோ சூரையை ஒரே தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், பையின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், முக்கினான், விட்டுவிட்டான். "முடியல மானாங். ரொம்பக் கனம்" என்றான். "டேய், விளையாடாத, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். "சத்தியமா மானாங், அசையவே மாட்டேங்குது" என்று சொல்லி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். மிண்டாவும் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மழையில் வாசற்படியில், என் பைமேல், பஸ் போகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நான் திட்டினேன், கெஞ்சினேன், அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனதிலிருந்து முதல் தடவை, வயிறு வலிக்க. நெலியாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன், கோபமாய் வைத்துவிட்டாள், சாயங்காலம் அவளே கூப்பிட்டு அடுத்த மாதம் பேரனோடு வருகிறேன் என்றாள். ரெவரண்டுக்கு எழுதின கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது, பாட்டு ஆரம்பித்துவிட்டது, இது முடிந்ததும் நான் எழுந்து நிற்க வேண்டும். இப்போதுதான் சியோனியிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு மேசையில் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்குத் தாகமே இல்லை. நீயும் ஒவ்வொரு ஞாயிறும் எழுந்திருக்கிறதற்கு முன்னால் என்னிடம் தண்ணீர் கேட்பாய், நான் கொண்டுவந்து வைப்பேன், ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டாய், வீணாக்குகிறாய் என்று திட்டிக்கொண்டே நான் செடிக்கு ஊற்றுவேன். சாந்தோய், அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது உனக்கு நிஜமாகத் தாகம் எடுத்ததா?